சேதுகாவலர் வீழ்ந்த கதை

மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணீரை அடைந்து சிவனொளிபாத மலையேறுவோர் பல்லாயிரவர். அம்மலையை நாடி 1344ஆம் ஆண்டு மேற்குக் கரையில் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா, முதலிற் கண்டது ஒரு தமிழ் மன்னனையே. அவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி.

மன்னன் பாரசீக மொழி அறிந்திருந்தான். அவன் முன்னே மன்னார்க் கடலின் முத்துக்கள் குவிந்து கிடந்தன. விருந்தாளி அவற்றை வியக்கவே, உவந்து வழங்கினான். பாதமலையைத் தரிசிக்க வேண்டுமென்று அவர் கேட்டதும் பல்லக்கும், ஆண்டுதோறும் அங்கே செல்லும் நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து ஆட்களும் துணையாக அனுப்பப்பட்டனர். சோழமண்டலக் கரையில் இவனுடைய கப்பல்கள் நூறு நிற்கக் கண்டதாகவும் பதூதா எழுதுகிறார். அவரே இவனைக் கடற்கொள்ளைக்காரன் என்றும் குறிப்பிடுகிறார். முத்தைப் பெற்றுக்கொண்டவரின் நன்றி அவ்வளவுதான் போலும்!

'சேது' என்ற சொல்லும் நந்தியும் பொறித்த நாணயங்களை வெளியிட்ட இவ்வரசின் கை மலைநாட்டிற்கும் எட்டியது. மாத்தளை, தும்பறைப் பகுதிகளில் வரி திரட்ட யாழ்ப்பாண மன்னன் ஆட்களை நியமித்ததை 1359ஆம் ஆண்டின் மெதவளைச் சாசனம் காட்டுகிறது. ஆயினும் அந்த வரியே பகையை வளர்த்தது. கம்பளை அரசின் அமைச்சன் அழகக்கோனார் கோட்டையை அரண் செய்து, வரி திரட்டியோரைத் துரத்தினான்.

ஏறத்தாழ இதே காலத்தில் ஐரோப்பாவில் பர்கண்டிக் கோமக்கள், பிளாந்தர் நகரங்களின் துணி வாணிபத்தால் மன்னரும் பொறாமைப்படும் செல்வம் சேர்த்தனர். 1477இல் கோமகன் சார்ல்ஸ் நான்சிப் போர்க்களத்தில் மடிந்ததும், அந்நாட்டைப் பிரான்சும் ஆப்சுபர்க்கு வமிசமும் பங்கிட்டுக்கொண்டன. வலியவர் இருவருக்கிடையே அகப்பட்ட செல்வ நாட்டின் கதி அது.

யாழ்ப்பாணத்தின் வீழ்ச்சி அவ்வளவு விரைவாக நிகழவில்லை. 1450இல் கோட்டை அரசின் செண்பகப்பெருமாள் நாட்டைக் கைப்பற்றினான். 1467இல் அவன் கோட்டை அரியணையை நாடித் திரும்பவே, கனகசூரியன் இழந்ததை மீட்டான். ஆனால் அடுத்துக் கடல்வழி வந்த போர்த்துக்கேயர் திரும்பிப் போகிறவர்களாயில்லை. 1544இல் மன்னாரில் கிறித்தவரானோரைச் சங்கிலி மன்னன் கொல்வித்தது, அவர்கள் படையெடுக்க ஒரு காரணமாயிற்று. 1560இல் மன்னார்த் தீவு பறிபோயிற்று. அதனோடு முத்துக்குளிப்பின் வருவாயும் போயிற்று. கருவூலம் வறண்ட அரசு படையை எங்ஙனம் பேணும்? 1591இல் பர்த்தாதோவின் படை புவிராச பண்டாரத்தைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தை அரியணையேற்றியது. அதன்பின் நல்லூரில் முடி இருந்தது. அதிகாரம் பறங்கியரிடம் இருந்தது.

அரச குடும்பத்தின் உட்பகையும் சேர்ந்துகொண்டது. 1617இல் உறவினரைக் கொன்று ஆட்சியைப் பற்றிய சங்கிலி குமாரனை, 1619இல் பிலிப்பு ஒலிவேறா சிறைப்பிடித்தான். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவன் அங்கே கொல்லப்பட்டான். சில ஆண்டுகளில் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் ஒலிவேறாவின் ஆணையால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.