நாய்களுக்கான வீட்டுக் கழிப்பிடம்

நாய்களுக்கான வீட்டுக் கழிப்பிடம் என்பது, வளர்ப்பு நாய்கள் வீட்டிற்குள்ளோ பால்கனியிலோ சிறுநீரும் மலமும் கழிப்பதற்கென ஒதுக்கப்படும் இடத்தையும், அவ்விடத்தில் வைக்கப்படும் விரிப்பு, தட்டு, புல்தளம் முதலிய பொருட்களையும் குறிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் வளர்ப்போர், தடுப்பூசி முடியாத குட்டிகளை வைத்திருப்போர், முதிய அல்லது நோயுற்ற நாய்களைப் பராமரிப்போர் ஆகியோர் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். சந்தையில் பல வகைகள் கிடைத்தாலும், ஒரு கழிப்பிடத்தை நாய் ஏற்றுக்கொள்வது அதன் விலையையோ தோற்றத்தையோ பொறுத்ததன்று. எத்தகைய தளம் பாதத்திற்குக் கீழ் இருக்கும்போது கழிவை வெளியேற்ற நாய் பழகியுள்ளது என்பதே முதன்மையான காரணியாகும்.

தேவை

வளர்ந்த நாய் ஒன்று நாளொன்றுக்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து முறை சிறுநீர் கழிக்கிறது. குட்டிகளால் இவ்வளவு இடைவெளி விட இயலாது. ஒரு மாத வயதுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்காகும். இக்கணக்கின்படி மூன்று மாதக் குட்டியால் பகலில் ஏறத்தாழ மூன்று மணி நேரமே அடக்க முடியும். உரிமையாளர் எட்டு மணி நேரம் பணிக்குச் செல்லும் வீட்டில், அக்குட்டி வீட்டிற்குள் கழிவது அதன் குற்றமன்று, உடலியல் வரம்பேயாகும்.

தடுப்பூசி மற்றொரு காரணமாகும். குட்டிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கும் முதன்மைத் தடுப்பூசிகள், 16 வாரமோ அதற்குச் சற்றுப் பின்னரோ வரை இடைவெளி விட்டுப் போடப்படுகின்றன. பார்வோ வைரசு நோயுற்ற நாயின் மலத்தின் வழியாக மண்ணில் கலந்து பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஆதலால் பிற நாய்கள் கழிக்கும் பொது இடங்களுக்கு இளங்குட்டிகளைக் கொண்டுசெல்வதைத் தவிர்க்குமாறு கால்நடை மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

நாய்களின் கழிவுப் பழக்கம்

பிறந்த குட்டிகளால் தாமாகக் கழிவை வெளியேற்ற இயலாது. தாய் நாய் நக்கித் தூண்டும்போதே அவை கழிக்கின்றன. ஏறத்தாழ மூன்று வார வயதில் குட்டிகள் தாமாகவே படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்கத் தொடங்குகின்றன. உறங்கும் இடத்தைத் தூய்மையாக வைத்திருக்கும் இவ்வியல்பே வீட்டுப் பயிற்சி அனைத்திற்கும் அடிப்படையாகும்.

ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் மரபியல், சமூக நடத்தை ஆகியவை பற்றி 1965 இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ எட்டரை வார வயதில் குட்டிகள் குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்து மலங்கழிக்கத் தொடங்குவதைப் பதிவு செய்துள்ளனர். இப்பருவத்தையொட்டியே தளத்தின் மீதான விருப்பமும் உறுதிப்படுகிறது. புல்லில் பழகிய நாய் புல்லையும், சிமெண்டுத் தரையில் பழகிய நாய் சிமெண்டையும் தேடும். பெரும்பாலான குட்டிகள் புதிய வீட்டிற்கு வரும் வயதும் இதுவே. எனவே முதல் சில வாரங்களில் வைக்கப்படும் தளம், பின்னர் மாற்றுவதற்குக் கடினமான பழக்கமாக நிலைபெறுகிறது.

வரலாறு

வீட்டிற்குள் நாய்களுக்குச் செய்தித்தாள் விரித்து வைப்பது பழைய வழக்கமாகும். தாள் ஈரத்தை ஓரளவே உறிஞ்சும், நாற்றத்தையும் தடுக்காது. 1960களில் ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் மாவுப்பொருளை அடிப்படையாகக் கொண்ட மிகையுறிஞ்சு பலபடிகள் உருவாக்கப்பட்டன. இவ்வகைப் பொருட்கள் 1980களில் குழந்தைகளுக்கான டயப்பர்களில் பரவலாயின. அதே அடுக்கமைப்பைக் கொண்டே இன்றைய நாய் விரிப்புகளும் செய்யப்படுகின்றன.

நகரங்களின் சட்டங்களும் இம்மாற்றத்துடன் தொடர்புடையவை. நாயின் மலத்தை உரிமையாளரே அகற்ற வேண்டும் என்ற சட்டம் 1978 இல் நியூயார்க் நகரில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் உலகின் பல நகரங்களிலும் இத்தகைய விதிகள் இயற்றப்பட்டன. சிங்கப்பூரில் மக்களுள் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். அவ்வீடுகளில் பொது விதியாக, ஒப்புதல் பெற்ற சிறு இனங்களைச் சேர்ந்த ஒரு நாயை மட்டுமே வளர்க்க இயலும். சிறு நாயும் சிறு இடமும் சேர்ந்த இத்தகைய வாழ்க்கைமுறையிலேயே வீட்டுக் கழிப்பிடம் மிகவும் பயன்படுகிறது.

வகைகள்

* உறிஞ்சு விரிப்பு: இது பேடு என்றும் அழைக்கப்படும். மேலே நெய்யாத துணி, நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட்டுத் துகளும், அடியில் பாலித்தீன் படலம் என மூன்று அடுக்குகளைக் கொண்டது. சிறுநீர் நடு அடுக்கில் கூழாக மாறித் தங்கிவிடும். ஒரு முறை பயன்படுத்தி எறியத்தக்கது.
* துணி விரிப்பு: துவைத்து மீண்டும் பயன்படுத்தத்தக்கது. நீண்டகால நோக்கில் செலவு குறைவு. தரைவிரிப்பை ஒத்த மென்மை உடையதால், நாய் வீட்டிலுள்ள கம்பளத்தையும் கழிப்பிடமாகக் கருதும் வாய்ப்பு உண்டு.
* வலைத்தட்டு: விரிப்பின் மேல் பிளாசுட்டிக் வலை பொருத்தப்பட்ட தட்டு. பாதம் நனையாது, நாய் விரிப்பைக் கிழிக்கவும் இயலாது. வலையின் மேல் நிற்கச் சில நாய்கள் தயங்குகின்றன.
* செயற்கைப் புல்தளம்: மேலே செயற்கைப் புல், இடையில் வடிகால் வலை, அடியில் தட்டு ஆகியவற்றைக் கொண்டது. வெளியில் புல்லில் பழகிய நாய்க்கு ஏற்றது. இழைகளின் அடியில் சிறுநீர் தங்குவதால் அடிக்கடி கழுவப்படாவிடில் கடுமையாக நாறும்.
* இயற்கைப் புல்தளம்: பெட்டியில் வளர்க்கப்பட்ட உயிருள்ள புல். நாய்கள் எளிதில் ஏற்கின்றன. சிறுநீரில் உள்ள மிகையான நைட்ரசன் புல்லைக் கருகச் செய்வதால் அடிக்கடி மாற்ற வேண்டும்.
* துகள் தட்டு: அழுத்தப்பட்ட காகிதம் அல்லது மரத்துகள் நிரப்பப்பட்டது. பூனைகளுக்கான, ஈரம்பட்டால் கட்டியாகும் களிமண் துகள் நாய்களுக்குப் பொருத்தமற்றது. நாய்கள் துகளைத் தின்னக்கூடியவை என்பதே இதற்குக் காரணம்.

தேர்வு செய்தல்

தளம்: குட்டி எதிர்காலத்தில் வெளியிலேயே கழிக்க வேண்டும் எனில் புல்தளமும், வாழ்நாள் முழுவதும் வீட்டிற்குள் கழிக்கும் எனில் விரிப்பு அல்லது வலைத்தட்டும் பொருந்தும். ஏற்கனவே பழகிய நாயாயின், அது இதுவரை கழித்து வந்த தளத்தை ஒத்ததைத் தேர்வதே எளிது.

அளவு: நாய்கள் கழிப்பதற்கு முன் முகர்ந்து வட்டமிடும் இயல்புடையவை. நான்கு கால்களையும் உள்ளே வைத்து முழுமையாகத் திரும்பும் அளவிற்கு இடம் தேவை. முன்கால்கள் உள்ளேயும் பின்கால்கள் வெளியேயும் இருக்கும்போது, தான் சரியான இடத்தில் நிற்பதாகவே நாய் கருதும். "விரிப்பின் ஓரத்தில் கழிக்கிறது" என்ற பரவலான முறைப்பாடு பல வேளைகளில் விரிப்புச் சிறிதாக இருப்பதன் விளைவேயாகும்.

கொள்ளளவு: நலமான நாய் ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிலிட்டர் சிறுநீரை வெளியேற்றுகிறது. அதன்படி 5 கிலோ நாய்க்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும், 30 கிலோ நாய்க்கு 600 முதல் 1200 மில்லிலிட்டரும் ஆகும். மிகையுறிஞ்சு பலபடி தூய நீரைத் தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். ஆனால் உப்புகள் கலந்த சிறுநீரில் இத்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். எனவே தூய நீரைக் கொண்டு காட்டப்படும் உறிஞ்சுதிறன் நடைமுறைக்குப் பொருந்தாது. பெரிய நாய்களுக்கு வடிகால் உள்ள தட்டே ஏற்றது.

உடல்நிலை: காலைத் தூக்கிக் கழிக்கும் ஆண் நாய்களுக்குப் பின்புறச் சுவர் அல்லது நடுவில் சிறு கம்பம் உள்ள தட்டுகள் உள்ளன. மூட்டுவலி உள்ள முதிய நாய்க்கு விளிம்பு தாழ்ந்ததும் வழுக்காததுமான தளம் தேவை.

இடம்: படுக்கையிலிருந்தும் உணவுக் கிண்ணத்திலிருந்தும் விலகியதாகவும், நடமாட்டம் குறைந்ததாகவும், நாய் எந்நேரமும் தடையின்றிச் செல்லக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். கதவு மூடப்படும் குளியலறையும், நண்பகலில் சுடும் பால்கனியும் இதனால் பொருத்தமற்றவை.

பயிற்சி

உறங்கி எழுந்தவுடன், உணவு உண்டபின், விளையாடியபின் ஆகிய வேளைகளில் குட்டிகள் பெரும்பாலும் கழிக்கின்றன. இவ்வேளைகளில் குட்டியைக் கழிப்பிடத்திற்குக் கொண்டுசென்று, கழித்து முடித்த நொடியிலேயே பாராட்டியோ சிறு தின்பண்டம் கொடுத்தோ ஊக்குவிக்க வேண்டும். சில நிமிடங்கள் கடந்தபின் தரும் பரிசை நாய் அச்செயலுடன் தொடர்புபடுத்தாது. தண்டனையும் அவ்வாறே. மூக்கைச் சிறுநீரில் தேய்த்தல், அடித்தல் முதலிய பழைய முறைகளால் நாய் இடத்தைக் கற்பதில்லை. மனிதர் முன்னிலையில் கழிப்பது ஆபத்து என்பதையே கற்கிறது. அதன்பின் அது கட்டிலின் அடியிலும் திரைச்சீலையின் பின்னும் மறைந்து கழிக்கத் தொடங்கும்.

கழிப்பிடத்தை இடம் மாற்ற வேண்டுமாயின் நாளுக்குச் சிறிது தூரமாக நகர்த்த வேண்டும். பயிற்சிக் காலத்தில் கம்பளங்களையும் மிதியடிகளையும் அகற்றிவைப்பது நன்று.

தூய்மையும் உடல்நலமும்

புதிய சிறுநீரில் அமோனியா மிகக் குறைவு. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதே அமோனியா உருவாகி நாற்றம் எழுகிறது. தவறிய இடத்தைத் தூய்மைப்படுத்த நொதி கலந்த கரைசல்கள் சிறந்தவை. அமோனியா கலந்த துப்புரவுப் பொருட்கள், சிறுநீரின் மணத்தை ஒத்திருப்பதால் நாயை மீண்டும் அதே இடத்திற்கு ஈர்க்கக்கூடும். சிறுநீர் தேங்கிய தட்டில் நேரடியாகப் பிளீச்சிங் நீரை ஊற்றக்கூடாது. அமோனியாவும் குளோரினும் வினைபுரிந்து நுரையீரலைத் தாக்கும் குளோரமீன் வளிமங்கள் உருவாகும். முதலில் தட்டை நீரால் நன்கு கழுவிய பின்னரே பிளீச்சிங் நீரைப் பயன்படுத்த வேண்டும்.

நாய்களின் உருளைப்புழுவான டாக்சோகாராவின் முட்டைகள் மலத்துடன் வெளியேறும்போது தொற்றும் நிலையில் இருப்பதில்லை. அந்நிலையை அடைய அவற்றிற்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் தேவைப்படுகின்றன. எனவே மலத்தை அன்றன்றே அகற்றுதலும், உரிய காலத்தில் குடற்புழு நீக்குதலும் குழந்தைகள் உள்ள வீட்டில் சிறந்த பாதுகாப்பாகும்.

வெள்ளை விரிப்பு உடல்நலத்தைக் கண்காணிக்கவும் உதவுகிறது. குருதி கலந்த சிறுநீர், வழக்கத்திற்கு மாறான அளவு ஆகியவை அதில் எளிதில் தெரியும். நன்கு பழகிய நாய் திடீரென வேறிடங்களில் கழிக்கத் தொடங்கினால் அது பிடிவாதம் அன்று. சிறுநீர்ப்பாதைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரக நோய், முதுமையில் ஏற்படும் அறிதிறன் குறைவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். சிறுநீர் கழிக்க முயன்றும் துளியும் வராத நிலை உயிருக்கு ஆபத்தானது; உடனடி மருத்துவம் தேவை.

பேரிடர்க் காலமும் பொது இடங்களும்

2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானில் ஏற்பட்ட நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் ஏராளமான வளர்ப்பு விலங்குகள் கைவிடப்பட்டன. அதன் பின்னர் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சு 2013 இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, 2018 இல் அதனைத் திருத்தியமைத்தது. உரிமையாளர் தம் விலங்குடன் சேர்ந்தே வெளியேற வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்தாகும். குறித்த இடத்தில் கழிக்க நாயைப் பழக்குவதும், அவசரகாலப் பையில் உறிஞ்சு விரிப்புகளை வைத்திருப்பதும் அதில் கூறப்படும் முன்னேற்பாடுகளுள் அடங்கும். புல்லில் மட்டுமே கழிக்கும் நாயை நெரிசலான தங்குமிடத்தில் வைத்திருப்பது கடினம். விரிப்பில் கழிக்கத் தெரிந்த நாயை அழைத்துச் செல்வது எளிது.

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுக்கு 10,000 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகள் ஏறும் விமான நிலையங்கள், பாதுகாப்புச் சோதனையைக் கடந்த பகுதியில் முனையம் தோறும் உதவி விலங்குகளுக்கான கழிப்பிடம் அமைக்க வேண்டும் என்ற விதி 2016 ஆகத்தில் நடைமுறைக்கு வந்தது. பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்கள் இவ்விதியால் பெரிதும் பயன்பெறுகின்றன.

வரம்புகள்

வீட்டுக் கழிப்பிடம் நாயின் நடைப்பயிற்சிக்கு மாற்று ஆகாது. நாய்க்கு வெளியே செல்வது கழிப்பதற்காக மட்டுமன்று. முகர்தல், பிற நாய்களின் மண அடையாளங்களை அறிதல், உடலுழைப்பு ஆகியவையும் அதனுள் அடங்கும். எறியத்தக்க விரிப்புகளில் உள்ள பாலித்தீனும் பலபடியும் எளிதில் மட்குவதில்லை. அவற்றைக் கழிவறையில் போட்டால் உப்பிக் குழாய்களை அடைத்துவிடும். விரிப்பைக் கடித்து விழுங்கும் குட்டிகளுக்குக் குடலடைப்பு ஏற்படலாம். அத்தகைய குட்டிகளுக்கு வலைத்தட்டு அல்லது புல்தளமே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

* நாய்
* வளர்ப்பு விலங்கு
* வழிகாட்டி நாய்
* மிகையுறிஞ்சு பலபடி