நாடி பிடித்தவர்கள்

வைத்தியத்துக்காக ஒரு குடும்பம் வருஷத்தில் எவ்வளவு பணம் செலவிடுகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏறக்குறைய 9,000 குடும்பங்களின் வாசற்படியை மிதித்த ஒரு கமிட்டி உண்டு. 1927-ல், பெரிய தர்ம ஸ்தாபனங்கள் சிலவற்றின் பொருளுதவியால் அமைந்த அக்கமிட்டிக்கு, தாமே ஒரு வைத்தியரும் பின்னர் ஜனாதிபதி ஹூவரின் மந்திரிசபையில் இடம்பெற்றவருமான ரே லைமன் வில்பர் தலைவராயிருந்தார். அதன் சார்பில் விசாரணைக்குச் சென்றோர், பன்னிரண்டு மாத காலத்துக்குள் ஒரே வீட்டுக்குப் பலமுறை சென்று, சென்ற தடவைக்குப் பிறகு வீட்டில் யார் படுத்தார், எந்த டாக்டர் வந்தார், அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், பல் வைத்தியருக்கு எவ்வளவு, மருந்துக் கடைக்கு எவ்வளவு என்று, பால்காரன் கணக்கைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எழுதப்பட்டவை வெள்ளையர் குடும்பங்களின் கணக்குகள் மாத்திரமே. நீக்ரோ மக்களின் நோய்க்கு அந்தப் பெரிய நோட்டுப் புத்தகத்தில் பத்தி இல்லை.

இந்த விசாரணையில் யாருடைய அபிப்பிராயமும் கேட்கப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நடந்தது என்ன என்பதே கேள்வி. கிடைத்த விடையும் தெளிவாயிருந்தது: ஒரு வருஷத்தில் பெரும்பாலான குடும்பங்கள் சொற்பச் செலவோடு தப்பிவிடுகின்றன, சில குடும்பங்களின் தலையில் மாத்திரம் மலைபோல் பாரம் விழுகிறது, எந்தக் குடும்பத்தின் தலையில் விழும் என்பதை முன்கூட்டி அறிய எவராலும் இயலாது. ஆகையால், பலர் கூடி முன்னதாகவே சிறு தொகை செலுத்தி வைத்து, விழுகிற பாரத்தைப் பகிர்ந்துகொள்வதே உத்தமம் என்று கமிட்டியில் பெரும்பான்மையோர் 1932-ல் சிபாரிசு செய்தார்கள். கமிட்டியிலிருந்த டாக்டர்களில் ஒரு சாரார் மறுப்பு எழுதினார்கள். அமெரிக்க வைத்திய சங்கத்துப் பத்திரிகையின் ஆசிரியர் மாரிஸ் ஃபிஷ்பைன் அத்துடன் நில்லாமல், இது புரட்சிக்குத் தூண்டுகோல் என்றே எழுதிவிட்டார். செலவுக் கணக்கைப் பற்றி ஆரம்பித்த பேச்சு அன்றே பெயரைப் பற்றிய சண்டையாக மாறியது.

1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, வைத்திய இன்ஷூரன்ஸை அதில் சேர்த்தால் டாக்டர்களின் எதிர்ப்பில் சட்டம் முழுவதுமே கவிழ்ந்துவிடும் என்றஞ்சி அதை வெளியே நிறுத்திவிட்டார். அதே வருஷத்தில்தான் அயோவா ராஜ்யத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலப் என்பவர் பொதுஜன அபிப்பிராயத்தை அளந்து சொல்ல ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். மறுவருஷத்து ஜனாதிபதித் தேர்தலில், 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் சீட்டு அனுப்பி, திரும்பி வந்த இருபது லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளை எண்ணி, லாண்டன் என்ற எதிர் வேட்பாளரே ஜயிப்பார் என்று பிரகடனம் செய்தது. டெலிபோனும் மோட்டாரும் வைத்திருந்தவர்களின் ஜாபிதாக்களைக்கொண்டே பெரும்பாலும் சீட்டு அனுப்பினார்கள் என்பதும், அவ்விரண்டும் இல்லாதவர்களும் வாக்களிப்பார்கள் என்பதும் அப்பத்திரிகைக்குத் தோன்றவில்லை போலும். ரூஸ்வெல்ட் 48 ராஜ்யங்களில் 46-ஐ வென்றார். அவரே வெல்வார் என்பதை, அந்தச் சீட்டுகளில் ஒரு சிறு பங்கு அளவே மனிதர்களை விசாரித்து முன்னதாகச் சொன்ன கேலப், ஒரே இரவில் தீர்க்கதரிசியானார்.

அவர் மற்றொருவருடன் சேர்ந்து 1940-ல் வெளியிட்ட புத்தகத்துக்கு 'ஜனநாயகத்தின் நாடி' என்ற பொருள்பட நாமகரணம் செய்தார். நாடி பார்க்கும் பரம்பரையில் வந்த நமக்கு அந்த உவமை சற்று விசேஷமாகப் படுகிறது. விரலை எங்கே வைக்கிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வாதமும் பித்தமும் கபமும் விரலுக்குத் தெரியுமே தவிர, அழுத்திய விரலே நாடித் துடிப்பை மாற்றிவிடுமோ என்ற சந்தேகம் நம் வைத்தியருக்கு எழுவதில்லை. கேலப்பின் வழிவந்தவர்களுக்கோ பிற்காலத்தில் அந்தச் சந்தேகமே முழுநேர உத்தியோகமாகிவிட்டது.

1945 நவம்பர் 19-ல், ஜனாதிபதி ட்ரூமன் எல்லா ஜனங்களுக்கும் பொதுவான ஒரு வைத்திய இன்ஷூரன்ஸ் ஏற்பாட்டைக் காங்கிரஸின் முன் வைத்தார். 1948-ல் கணிப்பாளர் எல்லோரும் அவர் தோற்பார் என்று ஏகமனதாகச் சொல்லியிருக்க, அவர் ஜயித்தார். இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை ஏழை என்று பங்கு வகுத்துவிட்டு, எந்தக் கதவைத் தட்டுவது என்பதை விசாரிப்பவரின் இஷ்டத்துக்கு விட்ட பழைய முறையின் ஓட்டை அப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது. ட்ரூமனின் ஜயத்தைக் கண்டு கலங்கிய வைத்திய சங்கம், அங்கத்தினர் தலைக்கு 25 டாலர் வரி விதித்து நிதி திரட்டி, காலிபோர்னியாவில் பிரசாரத்தையே தொழிலாக நடத்திவந்த கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்ற தம்பதிகளை அமர்த்திக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த ராஜ்யத்துக் கவர்னர் எர்ல் வாரனின் வைத்திய மசோதாவைத் தோற்கடித்துக் கைதேர்ந்தவர்கள் அவர்கள். திட்டத்தின் ஷரத்துகளை அவர்கள் எதிர்க்கவில்லை. அதன் பெயரை மாற்றினார்கள். 'சமதர்ம வைத்தியம்' என்று அதற்கு இட்ட பெயர் நிலைத்துவிட்டது. நம் செவிக்குச் சமதர்மம் என்பது மேடைகளில் கேட்டுப் பழகிய மங்கலச் சொல். ருஷ்யாவின்மீது பயம் மூண்டிருந்த அந்த நாட்டிலோ அது குழந்தைகளுக்குக் காட்டும் பூச்சாண்டி. சமதர்ம வைத்தியமே சமதர்ம ராஜ்யத்தின் ஆதாரக்கல் என்று லெனின் சொன்னதாகவும் துண்டுப் பிரசுரங்களில் அச்சிட்டார்கள். அவர் எங்கே சொன்னார் என்று தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு வாக்கியம் அகப்படவேயில்லை.

அந்தப் பிரசாரத்தின் சிகரம் ஒரு சித்திரம். ஆங்கிலேய ஓவியர் லூக் ஃபில்ட்ஸ் 1891-ல் வரைந்த 'டாக்டர்' என்ற படம் அது. ஏழைக் குடிசை, ஒன்றுக்கொன்று ஜோடியில்லாத இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின்மேல் தலையணை வைத்துக் கிடத்தியிருக்கும் நோயாளிக் குழந்தை, மோவாயைக் கையில் தாங்கி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர், பின்னால் இருளில் மேஜைமீது கவிழ்ந்து கிடக்கும் தாய், அவள் தோளில் கைவைத்து நிற்கும் தகப்பன், ஜன்னலில் விடியலின் வெளிச்சம். தம் மூத்த குழந்தையைப் பறிகொடுத்த நினைவே ஓவியருக்கு இந்தச் சித்திரத்தைத் தந்ததென்பர். இந்தப் படத்தை அச்சிட்டு, இதற்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள் என்ற கருத்துள்ள வாசகத்தைக் கீழே பொறித்து, டாக்டர்களின் ஆஸ்பத்திரி அறைகளில் மாட்டினார்கள். அந்தக் குடிசைக்காரன் டாக்டருக்கு எதைக் கொடுத்திருப்பான் என்ற கேள்வி ஒருவருக்கும் எழவில்லை. படம் பிறந்த பிரிட்டனிலோ, 1948 ஜூலை 5 முதல், அத்தகைய குடிசைக்காரன் கையிலிருந்து காசு வாங்காமல் சர்க்காரே வைத்தியம் செய்யத் தொடங்கிவிட்டது. ட்ரூமனின் திட்டம் காங்கிரஸில் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது.

அடுத்த முயற்சி வயோதிகருக்கு மாத்திரம் என்று சுருங்கியது. 1962 மே மாதம் கென்னடி நியூயார்க் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில் பெருங்கூட்டத்தின் முன் அதற்காகப் பேசினார். மறுநாள் டாக்டர் எட்வர்ட் ஆனிஸ், அதே மண்டபத்தின் காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்று பதில் சொல்வதை வைத்திய சங்கம் பணம் கட்டித் தொலைக்காட்சியில் காட்டியது. ஆயினும் 1965 ஆரம்பத்தில் கேலப் கேட்டபோது நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் ஆதரவு தெரிவித்தனர். ஜூலை 30-ல் ஜான்ஸன் கையெழுத்திட்டு, 'மெடிகேர்' என்னும் அந்த ஏற்பாட்டின் முதல் அட்டையை முதியவரான ட்ரூமனுக்கே வழங்கினார்.

ஜனங்கள் விரும்புவது வஸ்துவையா, பெயரையா என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. 1993 செப்டம்பரில் கிளின்டன் தம் திட்டத்தை அறிவித்தபோது வரவேற்பு பலமாயிருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சங்கம், ஹாரி, லூயிஸ் என்ற கற்பனைத் தம்பதிகள் சமையலறை மேஜையில் அமர்ந்து கவலையோடு பேசிக்கொள்ளும் விளம்பரங்களை ஒளிபரப்பியது. அடுத்த மார்ச்சில், 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையும் என்.பி.சி. ஒலிபரப்பு ஸ்தாபனமும், கிளின்டன் பெயரைச் சொல்லாமல் அத்திட்டத்தின் அம்சங்களை மாத்திரம் வர்ணித்துக் கேட்டபோது, ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் நன்றாயிருக்கிறது என்றார்கள். பெயரோடு கேட்டபோது ஆதரித்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. செப்டம்பரில் மசோதா கைவிடப்பட்டது.

2010 மார்ச் 23-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்துக்கு இரண்டு பெயர்கள் வாய்த்தன: புத்தகத்தில் ஒன்று, தெருவில் 'ஒபாமாகேர்'. 2013-ல் சி.என்.பி.சி. ஸ்தாபனம், விசாரிக்கப்பட்டவர்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியினரிடம் தெருப்பெயரையும் மறு பாதியினரிடம் சட்டப்பெயரையும் சொல்லி அபிப்பிராயம் கேட்டது. முதற் பாதியில் எதிர்த்தோர் நூற்றுக்கு 46, ஆதரித்தோர் 29. இரண்டாவதில் எதிர்த்தோர் 37, ஆதரித்தோர் 22. சட்டப்பெயரைக் கேட்டு அது இன்னதென்றே தெரியாதென்றவர்கள் நூற்றுக்கு 30 பேர். 2009-ல் தென் கரோலினாவில் ஒரு கூட்டத்தில், என் மெடிகேரில் சர்க்கார் கைவைக்கக் கூடாது என்று ஒருவர் தம் பிரதிநிதியை அதட்டிய சம்பவத்தைச் சொல்லி நகைப்பவர்கள் உண்டு. எனக்கு அவர்மேல் நகைப்பு வருவதில்லை. தம் கையிலிருந்த அட்டை அவருக்கு நன்றாகத் தெரியும், அதன் முகவரி மாத்திரமே தெரியவில்லை.

வைத்தியக் கொள்கை விஷயத்தில் இப்போது முக்கியக் கணிப்பாளராயிருக்கும் கைஸர் ஸ்தாபனம், எல்லோருக்கும் மெடிகேர் என்ற யோசனையை 2019 ஜனவரியில் இப்படிச் சோதித்தது. சும்மா கேட்டால் ஆதரவு 56. வைத்திய இன்ஷூரன்ஸ் எல்லாருக்கும் உரிமையாகும் என்று கூறிக் கேட்டால் 71. பெரும்பாலோர் அதிக வரி கட்ட வேண்டியிருக்கும் என்றால் 37. சிகிச்சைக்குக் காத்திருக்க நேரும் என்றால் 26. ஒரே மாதம், ஒரே ஜனங்கள். இவற்றுள் எதைப் பொதுஜன அபிப்பிராயம் என்பது? நான்கையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டதே அந்த ஸ்தாபனத்தின் யோக்கியதை என்பேன். தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேடை ஏறுகிறவனே குற்றவாளி. ஒபாமாவின் சட்டத்தை 2014 ஜூலையில் நூற்றுக்கு 53 பேர் வெறுத்தார்கள்; பத்து வருஷம் கையில் பழகிய பிறகு, 2024-ல், 62 பேர் நல்லதென்றார்கள். பெயர் அதேதான்.

வில்பர் கமிட்டி கேட்ட வகையைச் சேர்ந்த கேள்வி ஒன்றை, அபிப்பிராயக் கேள்விகளுக்கு நடுவே, கேலப் ஸ்தாபனமும் இருபது வருஷத்துக்கு மேலாக விடாமல் கேட்டு வருகிறது: சென்ற பன்னிரண்டு மாதத்தில், செலவுக்கு அஞ்சி, நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ வைத்தியத்தைத் தள்ளிப்போட்டதுண்டா? கட்சிப் பெயரோ ஜனாதிபதியின் பெயரோ அக்கேள்வியில் இல்லை. 2001-ல் உண்டு என்றவர்கள் நூற்றுக்கு 19 பேர். 2022-ல் 38 பேர்.