கோல்ட்டின் பெயர், கொல்லரின் கை



"ரிவால்வரைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று எந்த வினாடி வினாவில் கேட்டாலும் சாமுவேல் கோல்ட் என்று பதில் வந்துவிடும். ஆனால் கோல்ட் துப்பாக்கிக் கொல்லர் அல்ல. அவரிடம் இருந்தது யோசனையும் வாய்ச் சாமர்த்தியமும்தான். நல்ல கொல்லர் ஒருவரைத் தேடி அவர் அலைந்த கதைதான் இந்தப் பதிவு.

1830-ல், 16 வயதில், கோல்ட் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பிய கோர்வோ என்ற கப்பலில் ஏறினார். ஆமாம், நம்ம கல்கத்தாதான்! அந்தப் பயணத்தில்தான் சுழலும் துப்பாக்கிக்கு மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார் என்கிறார்கள். சுழலும் துப்பாக்கி அப்போது புதிதல்ல. எலிஷா கோலியர் என்பவர் 1818-லேயே இங்கிலாந்தில் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கோல்ட்டின் யோசனை வேறு: சுத்தியைப் பின்னால் இழுத்தாலே உருளை தானாகத் திரும்பி, அடுத்த குண்டு குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும்.

சொல்ல எளிது, செய்யத்தான் கஷ்டம். உருளை ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் குண்டு குழலின் விளிம்பில் மோதும். விசையின் நுனி, சுத்தியில் வெட்டிய சிறு பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பள்ளம் ஆழமானால் விசையை இழுக்கவே பலம் வேண்டும், கையும் ஆடும். ஆழம் குறைந்தால் லேசாக இடித்தாலே வெடிக்கும். அப்போது இதையெல்லாம் கொல்லர் அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவித்தான் சரிசெய்வார்.

கோல்ட் ஊர் திரும்பியதும் அவருடைய அப்பா செலவு செய்து, ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு நீளத் துப்பாக்கியும் செய்ய வைத்தார். கைத்துப்பாக்கி சுட்டவுடனே வெடித்துச் சிதறியது. நல்ல கை கிடைக்காவிட்டால் நல்ல யோசனையும் ஆபத்துதான் என்று கோல்ட்டுக்குப் புரிந்தது.

நல்ல கொல்லருக்குக் கூலி கொடுக்கப் பணம்? இங்கேதான் வேடிக்கை. "டாக்டர் கோல்ட்" என்று பெயர் வைத்துக்கொண்டு, கல்கத்தாவையும் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் மேடையில் சிரிப்பூட்டும் வாயுவைக் காட்டிக் காசு சேர்த்தார் :-)

அந்தக் காசில் பால்டிமோர் நகரில் ஜான் பியர்சன் என்ற கொல்லரை வேலைக்கு வைத்தார். 1836-ல் கோல்ட் அமெரிக்கக் காப்புரிமை பெறும்வரை வந்த மாதிரிகளில் பெரும்பாலானவை பியர்சனின் பட்டறையில் உருவானவை. கூலி சரியாக வரவில்லை என்று பியர்சன் எழுதிய கடிதங்கள் உண்டு. காப்புரிமையில் இருப்பதோ கோல்ட்டின் பெயர் மட்டும்.

பிறகு பேட்டர்சன் நகரில் தொழிற்சாலை வந்தது. அங்கே செய்த ரிவால்வரில் விசை உள்ளே மடங்கியிருக்கும். சுத்தியை இழுத்தால்தான் வெளியே இறங்கும். அழகான வேலைதான், ஆனால் விலை அதிகம், ராணுவம் பெரிதாக வாங்கவில்லை. 1842-ல் கம்பெனி மூடப்பட்டது.

1847-ல் மெக்சிகோ போருக்காக சாமுவேல் வாக்கர் என்ற படைத் தலைவர் மூலம் 1,000 ரிவால்வர்களுக்கு ஆர்டர் வந்தது. அப்போது கோல்ட்டிடம் தொழிற்சாலையே இல்லை! எலி விட்னி (இளையவர்) தன் ஆலையில் செய்து கொடுத்தார். மடங்கும் விசை போய், காப்பு வளையத்துக்குள் நிற்கும் சாதாரண விசை வந்தது. பின்னர் ஹார்ட்ஃபோர்டில் எலிஷா ரூட் என்ற இயந்திர நிபுணரை வைத்து கோல்ட் பெரிய தொழிற்சாலை நடத்தினார். 1862-ல் இறக்கும்போது அவர் பெரும் பணக்காரர்.

இயந்திரம் வந்ததும் கொல்லரின் கை தேவையில்லாமல் போனதா? இல்லை. அந்தக் காலத்துக் கோல்ட் ரிவால்வர்களின் முக்கிய பாகங்களில் ஒரே வரிசை எண் தனித்தனியாகப் பொறித்திருக்கும். ஒரு துப்பாக்கிக்கென்று கையால் ராவிப் பொருத்திய பாகம் இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாதே! இயந்திரம் வெட்டிக் கொடுத்த பிறகும், கடைசிப் பொருத்தம் மனிதக் கையில்தான் இருந்தது என்பதற்கு அந்த எண்களே சாட்சி.

யோசனை கோல்ட்டுடையது, அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் அடுத்த முறை வினாடி வினாவில் அந்தக் கேள்வி வந்தால், பதில் சொல்லிவிட்டு பியர்சனையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் கிடைக்காது, ஆனால் அதுதான் நியாயம்.