வெள்ளைக்குக் கொடுத்த விலை

ராஜபாளையம் நாய் என்றதும் எல்லோர் மனதிலும் ஒரே உருவம்தான் வருகிறது: பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண். விருதுநகர் மாவட்டத்து அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வெள்ளை உடம்பை நான் மேசைமேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது எப்படி வந்தது, அதற்காக எத்தனை குட்டிகள் பலியாயின என்பதும் எனக்குத் தெரியும். "ஜாதி நாய் வாங்கலாமா, கிராஸ் வாங்கலாமா, இல்ல நாட்டு நாயே போதுமா டாக்டரம்மா?" என்று இன்றும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் பதில் இந்த ஊர் நாய்களின் கதையில் இருக்கிறது.

நாயை மதிக்கத் தெரிந்த மக்கள்தான் நாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீரன் விழுந்த பிறகும் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய்க்கும் அந்தக் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். அந்த நாய் என்ன நிறம் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அது செய்த வேலையைத்தான் சொல்கிறது. நம் பக்கத்து நாய் வளர்ப்பின் பழைய நெறியும் அதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்திலிருந்து கோவில்பட்டி, சாத்தூர் கரிசல் வரை விரிந்து கிடக்கும் நிலம்தான் தமிழ்நாட்டு நாயினங்களின் தாய்வீடு. மலையடிவாரத்தில் ராஜபாளையம். வடக்கே உத்தமபாளையம் பக்கம் கோம்பை. கரிசலில் சிப்பிப்பாறையும் கன்னியும். நிலம் எப்படியோ அப்படி வேலை, வேலை எப்படியோ அப்படி உடம்பு. அடிவாரத்தில் காட்டுப்பன்றி, அதை மறித்து நிற்க எலும்பு கனத்த, உயர்ந்த நாய் வேண்டும். கரிசலில் முயல், கண்ணுக்கெட்டிய தூரம் வெட்ட வெளி. அங்கே ஓட்டம்தான் எல்லாம்.

சிப்பிப்பாறை நாயைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். நெஞ்சுக்கூடு ஆழமாக இறங்கி முன்னங்கால் முட்டியைத் தொடும். அங்கிருந்து வயிறு ஒரேயடியாக மேலேறி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். விலா எலும்பை எண்ணலாம். விவரம் தெரியாதவர்கள், "பட்டினி போட்டுட்டாங்களே!" என்று பரிதாபப்படுவார்கள். கம்மங்கூழும் மோரும் குடித்து வளர்ந்த நாய் அது. தொடையைத் தொட்டுப் பார்த்தால் முறுக்கிய கயிறு மாதிரி இறுகியிருக்கும். செவலை, சாம்பல், மயிலை என்று பல நிறத்தில் பிறக்கும். கருப்பு உடம்பில் கண்ணுக்கு மேலே செம்புள்ளி வைத்தது கன்னி. நிறத்துக்குப் பெயர் வைத்தார்களே தவிர, நிறத்துக்காக ஒரு குட்டியையும் கரிசல்காட்டுக்காரர்கள் ஒதுக்கியதில்லை. ஓடாத நாயிடம் ஈத்து எடுக்க மாட்டார்கள். அது ஒன்றுதான் கணக்கு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. குட்டியைக் காசுக்கு விற்பது கௌரவக் குறைவு. மாமன் மச்சான் வீட்டுக்குக் கொடுப்பார்கள், பெண் கொடுத்த வீட்டுக்குக் கன்னிக்குட்டி போகும். கொடுத்தவருக்கு வாங்கிய வீடு தெரியும், வாங்கியவருக்குத் தாய் நாயும் தெரியும், அதன் தாயும் தெரியும். குட்டி நோஞ்சானாகப் போனால் அடுத்த கோயில் கொடையில் பார்க்கும்போது கேட்டுவிடுவார்கள். ஒழுங்காகச் சோறு வைக்காத வீட்டுக்கு மறுபடி குட்டி கிடைக்காது. இதற்கெல்லாம் பத்திரமோ பதிவோ இல்லை. ஆனால் கொடுப்பவரும் வளர்ப்பவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அடிவாரத்தில் கதை கொஞ்சம் வேறு. விஜயநகர, நாயக்கர் காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் நாயோடு வந்தார்கள் என்பது ராஜபாளையத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. சேத்தூர், சிவகிரி என்று சுற்றிலும் ஜமீன்கள். பாளையக்காரர் படைகளில் இந்த நாய்கள் நின்றன என்றும் ஊரில் சொல்வார்கள். ஆங்கிலேயர் இவற்றுக்கு வைத்த பெயரே 'பாளையக்காரர் நாய்'. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய், அரண்மனை வாசலில் கட்டிவைக்கும் பெருமையாகவும் ஆனது. வெள்ளை நாய்தான் உசத்தி என்ற எண்ணம் இப்படி வேர் பிடித்தது. இந்த இனத்தில் கருப்பும் பழுப்பும் புள்ளியும் பிறப்பது இயற்கை. ஆனால் அப்படிப் பிறந்த குட்டிகளைக் கண் திறக்கும் முன்பே அழித்துவிடும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது; நாய்க்குச் சோறு போட்ட அரண்மனைகள் மங்கின. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; வேட்டை நின்றது. இரண்டும் நாட்டுக்குத் தேவையான சட்டங்கள். அவற்றோடு நாய்களின் வேலையும் போனது. வேலை இருந்தவரை காது கேட்காத நாய் காட்டில் தானாகவே கழிந்துவிடும். வேலை போனபின் நாயைத் தேர்ந்தெடுக்க மிஞ்சியது பார்வை மட்டும்தான். பார்வைக்கு எடுப்பது வெள்ளை.

அதன் விளைவை நான் பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு பெரியவர் வீட்டுத் தொழுவத்தில். தடுப்பூசி போடப் போயிருந்தேன். தலைமுறை தலைமுறையாக நாய் வளர்க்கும் குடும்பம். குட்டிகள் சாக்குமேல் ஒன்றோடொன்று ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தவிர எல்லாம் வெள்ளை. காலடி அதிர்வு தெரியக்கூடாது என்று தள்ளி நின்று, குட்டிகளின் பார்வை படாத பக்கத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கினேன். பெரும்பாலான குட்டிகள் தலை தூக்கின. இரண்டு அசையவே இல்லை. எட்டு வைத்துப் பக்கத்தில் போய் மறுபடி குலுக்கினேன். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. இரண்டும் சுத்த வெள்ளை. காதில் கருப்பு விழுந்திருந்த அந்த ஒற்றைக் குட்டி எழுந்து சாவியைக் கவ்வ ஓடி வந்துவிட்டது.

"புள்ளி விழுந்தத எங்கப்பா காலத்துல தண்ணியில விட்ருவாங்க டாக்டரம்மா. எனக்கு மனசு வரல, அதான் வச்சிருக்கேன்" என்றார் பெரியவர்.

"ஐயா, இந்த ஈத்துலயே காது நல்லா கேக்குறது அதுக்குத்தான்" என்றேன். வெகுநேரம் அந்தக் குட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காரணம் எளிமையானது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் அதே உயிரணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே போய்ச் சேரவில்லையென்றால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் கருகிவிடும். உடம்பு முழுக்க வெள்ளையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியபோது, காதுக்குள் நிறம் எட்டாத குட்டிகளையும் சேர்த்தே பொறுக்கிவிட்டோம். புள்ளிக் குட்டியை அழித்தவர்கள் இதைத் தெரிந்து செய்யவில்லை. இப்போது தெரிந்த பிறகும் வெள்ளையை மட்டும் கேட்பவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டைநாய்களை மட்டும் வைத்து நவீன காலத்தின் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அதன்பின் ஒவ்வோர் இனத்துக்கும் அங்க இலக்கணம் எழுதி, வம்சாவளிப் பதிவேடு வைத்தார்கள். வெளி ரத்தம் உள்ளே வர வழியில்லாமல் போனது. இன்று நாம் 'பேப்பர் உள்ள நாய்' என்று சொல்வதெல்லாம் அங்கே தொடங்கியதுதான். தாய் தகப்பன் யார் என்று எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் இலக்கணத்தில் எழுதியது கண்ணுக்குத் தெரியும் அழகைத்தான். காதையும் சிறுநீரகத்தையும் அதில் யாரும் பார்க்கவில்லை.

டால்மேஷியன் இதற்குச் சரியான சாட்சி. அதுவும் வெள்ளை உடம்பு நாய்தான், அதிலும் காது கேளாமை உண்டு. பிறக்கும்போதே பெரிய கருந்திட்டோடு வரும் டால்மேஷியன் குட்டிகளில் அந்தக் குறை குறைவு. ஆனால் கண்காட்சி விதிப்படி திட்டு இருந்தால் தள்ளுபடி! இன்னொரு குறையும் அந்த இனம் முழுக்கப் பரவியிருந்தது: சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் அடைக்கும். 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு டால்மேஷியனை ஒரு பாயின்டரோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளைத் தலைமுறைதோறும் டால்மேஷியனோடே சேர்த்துக்கொண்டு வந்தார். சில தலைமுறையில் பார்ப்பதற்கு முழு டால்மேஷியன், ஆனால் அந்தக் குறை இல்லை. ஒரே ஒரு முறை வெளி ரத்தம் சேர்ந்ததற்காக அந்த வழி நாய்களை அமெரிக்க கென்னல் கிளப் நெடுங்காலம் ஏற்க மறுத்து, 2011இல்தான் ஏற்றுக்கொண்டது. ஓர் இனத்தின் நோயைத் தீர்த்தது கிராஸ்தான் என்பது எனக்குப் பெரிய பாடம்.

அதற்காகக் கிராஸ் என்றாலே ஆரோக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது. 1989இல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்ட நாய் வேண்டி லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் முடி ஒவ்வாது. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. உலகம் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு லாப்ரடூடில் வாங்க ஓடியது. எவன் எவனோ காசுக்காகக் கண்டபடி சேர்த்து விற்கிறானே என்று பின்னாளில் கான்ரனே வருந்தினார். நம் பக்கமும் அது நடக்கிறது. ராஜபாளையத்தை டால்மேஷியனோடு சேர்த்து, 'ஒரிஜினல்' என்று விற்பவர்கள் உண்டு. குறைக்கு மருந்தாகச் செய்த கிராஸ் வேறு, ஏமாற்றச் செய்த கிராஸ் வேறு. ஏற்கெனவே காதில் குறையுள்ள இரண்டு வெள்ளை இனங்களைச் சேர்ப்பதில் குட்டிக்கு என்ன நன்மை?

நம் தெருவில் பிறக்கும் நாட்டு நாயை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எவரும் அழகுக்காகப் பொறுக்காத நாய் அது. வெயிலும் பசியும் நோயும்தான் அதைப் பொறுக்கி எடுத்தன. சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1964இலேயே தொடங்கிய வேலை, 2001இல் நாடு முழுவதற்கும் விதியாக வந்தது. கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, வீட்டில் சேர்த்துக்கொண்ட தெருக்குட்டி பல வீடுகளில் பதினைந்து வயது வரை வாழ்வதைக் கண்டிருக்கிறேன். 2003இல் ஒரு கைப்பேசி நிறுவன விளம்பரத்தில் வந்த பக் நாயைப் பார்த்து ஊரெங்கும் பக் வாங்கினார்கள். சப்பை மூக்கோடு சித்திரை வெயிலில் மூச்சுக்குத் திணறிய அந்த நாய்களும் என் மேசைக்குத்தான் வந்தன.

நாட்டினங்களைக் காக்க அரசும் முயன்றது. 1980-81இல் சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு தொடங்கப்பட்டது. பராமரிப்புக் குறைகள் நீதிமன்றம்வரை போய், 2016இல் அதை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இனத்தின் பெயரைக் காத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு நாயையும் காக்க வேண்டும் என்பதே அதில் நான் கண்ட நியாயம். 2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகளைக் கொண்டுவந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் சேர்க்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. பிறகு கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நம் நாய்களின் பெயரைச் சொன்னதும் எங்கள் பக்கம் குட்டி கேட்டு வரும் ஆட்கள் பெருகினார்கள். அடுக்குமாடி வீட்டு பால்கனியில் கட்டிப்போட சிப்பிப்பாறை கேட்டார்கள். ஓடப் பிறந்த உயிரை ஆறடிச் சங்கிலியில் கட்டினால் அது கடிக்காமல் என்ன செய்யும்?

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜாதியா, கிராஸா, நாட்டு நாயா என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் வீட்டில் எவ்வளவு இடம், தினமும் ஓட்டிக்கொண்டு போக யாருக்கு நேரம், பத்துப் பதினைந்து வருடம் மருத்துவச் செலவைத் தாங்க முடியுமா என்பது முதல் கேள்வி. ஓட நிலமும் நேரமும் இருந்தால் சிப்பிப்பாறையோ கன்னியோ வாங்குங்கள். ராஜபாளையம் வேண்டுமென்றால் காதைச் சோதித்து வாங்குங்கள். புள்ளிக் குட்டி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். இரண்டுக்கும் வசதி இல்லாதவர்கள் தெருவில் பிறந்த ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். எதுவானாலும் மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பின்பு ஆண்டுதோறும் ஊசி, ஈத்து எடுக்கப் போவதில்லை என்றால் கருத்தடை. இதில் சலுகையே கிடையாது.

காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு இன்னும் ஒன்று. விற்பவரிடம் பேப்பரைக் கேட்கும் முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். அது எங்கே படுக்கிறது, எத்தனை ஈத்து போட்டிருக்கிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள்.