அந்த இரவு கதவைத் தட்டியவர்களில் ஒருவர் நம்மவர்



வேலூர் என்ற பெயர் நம் ஊர்களில் இரண்டு காரணங்களுக்காக அடிபடும். ஒன்று பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மத்ரஸா. அங்கே ஓதிவிட்டு வந்த ‘பாக்கவி’ ஹஸரத்மாரின் பெயர் தெரியாத பழைய ஆட்கள் நம் பக்கம் குறைவு. மற்றது சீ.எம்.சி. ஆஸ்பத்திரி. இங்கே கைவிரித்த பிறகு, வளவை ஈடு வைத்தாவது நோயாளியைக் கொண்டுபோகிற இடம். (கண்டியின் கடைசி அரசனைச் சிறை வைத்ததும் வேலூரில்தான். அது வேறு கதை.)

அண்மையில் அங்கே வைத்தியம் பார்த்துவிட்டு வந்த ஒருவரைச் சுகம் விசாரிக்கப் போயிருந்தேன். “சேர், அது கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரியாமே. நம்மளை ஏன் இவ்வளவு நல்லாப் பாக்கிறாங்க? உள்ளுக்குள்ள வேற நோக்கம் இருக்குமோ?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கதை தொடங்குவது இந்தியாவில் அல்ல, நம் நாட்டில். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ள, நியூயோர்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு, 1819இல் மனைவியோடு கப்பலேறினார் ஜோன் ஸ்கடர் என்ற டொக்டர். அமெரிக்காவிலிருந்து மிஷனரியாக வெளிநாடு சென்ற முதல் வைத்தியர் என்று அவரைச் சொல்வார்கள். பண்டத்தரிப்பில் நோயாளிகளைப் பார்த்தார், பிரசங்கமும் செய்தார். 1836இல் சென்னைக்குப் போனார். அவருடைய ஆண்மக்களில் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகளானார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருவரின் மகள்தான் ஐடா ஸ்கடர். 1870இல் வேலூருக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையில் பிறந்தார். 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக வந்து நின்ற பிள்ளைகளுக்குப் பாண் துண்டு கொடுத்த சிறுமி அவர். அந்தக் காட்சிகளே அவருக்கு இந்தியாவை வெறுக்கச் செய்துவிட்டன. அமெரிக்காவில் படித்து, கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட வேண்டும், மிஷன் வேலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதுதான் அவருடைய எண்ணம். தாயாருக்குச் சுகமில்லை என்று செய்தி வந்ததால் 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் நின்று தாயைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் வந்தார்.

அங்கே ஓர் இரவு. ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். மனைவி பிள்ளைப்பேற்றில் உயிருக்குப் போராடுகிறாள், வந்து காப்பாற்றுங்கள் என்றார். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. என் தகப்பன் டொக்டர், அவரை அழைத்துப் போங்கள், நானும் கூட வருகிறேன் என்றார். வந்தவர் மறுத்துவிட்டார். அந்நிய ஆண் அவளைப் பார்ப்பதைவிட அவள் இறந்துபோவது மேல் என்று திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் காலடிச் சத்தம். இந்த முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அதே நோவு, அதே வேண்டுகோள். தகப்பன் ஸ்கடரே வெளியே வந்து பேசிப் பார்த்தார். முடியாது, குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆண் அவள் முகத்தைப் பார்க்க இயலாது என்றுவிட்டார். மூன்றாவதாகவும் ஒருவர் வந்தார், இன்னோர் உயர்சாதி இந்து. அவரும் அதே பதிலோடு போய்விட்டார்.

விடிந்ததும் வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார் ஐடா. மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் அந்த மூன்று ஆண்களையும் மூடர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் அப்படிச் சொல்லத் தயாரில்லை. மனைவியின் உயிரைப் பற்றிக் கவலை இல்லாதவன் நடுச்சாமத்தில் வேற்று மதத்தவர் வீட்டுக் கதவைத் தட்டமாட்டான். அந்த முஸ்லிம் சகோதரர் வைத்தியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பெண் கையால் வைத்தியம் வேண்டும் என்றார். உயிர் போகும் நிலையில் நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்ற சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்றிரவு பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அவர் தேடிய அந்தப் பெண் வைத்தியர் அங்கே இல்லாதது. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவின் பள்ளிவாசலில் கூடாரம் அடித்துக் காயப்பட்டவர்களைப் பார்த்தவர் ருஃபைதா (ரழி) என்ற பெண். அந்த வழி வந்த ஒரு சமூகம் அன்று ஒரு பாதிரியாரின் மகளிடம் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஐடா அமெரிக்கா திரும்பினார், வைத்தியம் படிக்க. கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் சேர்த்தபோது, ஷெல் என்ற நியூயோர்க் வங்கியாளர் தன் இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டொலர் கொடுத்தார். 1900இல் வேலூரில், வீட்டுக்குள்ளே ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902இல் ஷெல் அம்மையாரின் பெயரில் 40 கட்டில் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாத ஏழைகளுக்காக அவரே கிராமங்களுக்குப் போனார். குடியாத்தம் போகிற பாதையில் மரநிழல்களில் நின்று நோயாளிகளைப் பார்ப்பார். வண்டி வரும் நாளில் சனம் பாதையோரம் காத்திருக்கும். வேலூரைச் சுற்றி முஸ்லிம்கள் நிறைந்த ஊர்கள் பல. நம்மவர்களும் அந்த மரநிழலில் நின்றிருப்பார்கள்.

ஒரு டொக்டர் எத்தனை பேரைத்தான் பார்ப்பது? அவருடைய பெரிய வேலை ஆஸ்பத்திரி அல்ல என்பேன். 1918இல் அந்த நாட்டுப் பெண்களுக்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதுதான். பெண்பிள்ளைகள் வரவே மாட்டார்கள் என்று சென்னையின் வெள்ளைக்கார அதிகாரி சிரித்தார். வந்தார்கள். முதல் வருடப் பரீட்சையில் ஆண்களின் பள்ளிகளில் பெரும்பகுதி கோட்டைவிட, இவருடைய பிள்ளைகள் அத்தனை பேரும் சித்தியடைந்தார்கள். பிறகு அரசாங்கம் சட்டத்தை மாற்றி, பட்டப்படிப்பாக உயர்த்தாவிட்டால் பள்ளியை மூட வேண்டும் என்ற நிலை வந்தது. 1941இல், 70 வயதில், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1947இல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960இல் அவர் இறந்தார். கலியாணம் முடிக்கவில்லை.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். உள்நோக்கம் இருந்ததா? ‘உள்’ நோக்கம் என்று எதுவும் இல்லை, வெளிப்படையாகவே சொன்னார்கள். தங்கள் மார்க்கத்தைப் பரப்பத்தான் வந்தார்கள், வைத்தியத்தோடு வேதமும் சொன்னார்கள். பணம் அனுப்பிய அமெரிக்கச் சபைகளும் அதை எதிர்பார்த்தன. நம் முன்னோர் மிஷன் பள்ளிக்கூட வாசலைக் கண்டால் விலகி நடந்ததற்கும் காரணம் இருந்தது. போர்த்துக்கேயர் துரத்தித் துரத்தி அடித்து, செனரத் மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றிய மக்களின் வாரிசுகள் நாம். சிலுவையைக் கண்டு பயந்தது வெறும் பிரமை அல்ல. ஆனால் போர்த்துக்கேயத் தளபதியையும் ஒரு கட்டிலோடு ஆஸ்பத்திரி தொடங்கிய ஐடாவையும் ஒரே தராசில் போடுவது நீதி ஆகாது. ஈமானை இழக்காமல் மருந்தை வாங்கிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தச் சகோதரரும் ஒருவர்தானே, ஐந்து வேளையும் அங்கேயே தொழுதுவிட்டு வந்திருக்கிறார்.

என் கவலை வேறு. இந்த வருடம் ஒரு மாணவி. ஊரும் பெயரும் வேண்டாம். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ‘ஏ’. உயர்தரத்தில் உயிரியல் படிக்க ஆசை. வாப்பா விடவில்லை. “ஹொஸ்டல்ல நிண்டு படிக்கிற படிப்பு பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு சேர்?” என்றார். நல்ல மனிதர், தஹஜ்ஜுத் தவறாதவர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. மூத்த மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் உறவினர் ஒருவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: “லேடி டொக்டர் இருக்காவா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பாடத் தெரிவுப் படிவம் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகிறேன். இந்த முறை ஐடாவின் கதையை அல்ல, அந்த இரவில் வந்த முஸ்லிம் மனிதரின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.