கார்ஃப் கோட்டையும் கிங்ஸ்டன் லேசி எஸ்டேட்டும்

கார்ஃப் கோட்டை, தென் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பர்பெக் குன்றுத் தொடரின் கணவாய் ஒன்றைக் காத்து நின்ற இடைக்காலக் கோட்டை. இன்று இடிபாடு. பழைய ஆங்கிலத்தில் 'வெட்டு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து, குன்றை அறுத்தாற்போல் கிடக்கும் அந்தக் கணவாயை ஒட்டி இப்பெயர் வந்தது. கோட்டையும், விம்போர்ன் ஊருக்கு அருகிலுள்ள கிங்ஸ்டன் லேசி எஸ்டேட்டும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பேங்க்ஸ் குடும்பத்தின் உடைமையாக இருந்தன. ஒன்றை விட்டு மற்றதன் கதையைச் சொல்வதற்கில்லை.

கோட்டை எழுவதற்கு முன்பே, 978இல் இளம் மன்னர் எட்வர்ட் கார்ஃபில் கொல்லப்பட்டார். கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம். அவர் மகன் முதலாம் ஹென்றி காலத்தில் பர்பெக் சுண்ணாம்புக்கல்லால் எழுந்த நடுக்கோபுரத்தின் உயரம் சுமார் 21 மீட்டர். ஜான் மன்னர் கோட்டையைச் சிறையாகவும் பயன்படுத்தினார். 1572இல் முதலாம் எலிசபெத் கோட்டையை கிறிஸ்டோபர் ஹாட்டனுக்கு விற்றார். 1635இல் அது வழக்கறிஞரான சர் ஜான் பேங்க்ஸின் கைக்கு வந்தது. கிங்ஸ்டன் லேசியை அவர் வாங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான்.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போரில் சர் ஜான் பேங்க்ஸ் அரசரின் பக்கம் போய்விட, கோட்டைப் பொறுப்பு மனைவி மேரியின் தலையில் விழுந்தது. 1643இல் நாடாளுமன்றப் படை ஆறு வாரம் முற்றுகையிட்டும் பலிக்கவில்லை. 1644இல் கணவர் இறந்தார். அடுத்த முற்றுகையில், 1646 பிப்ரவரியில், கோட்டைக்குள் இருந்த அதிகாரி ஒருவரே துணைப்படை என்று சொல்லி எதிரி வீரர்களை உள்ளே விட்டார். முற்றுகையில் விழாத கோட்டை துரோகத்தில் விழுந்தது.

இனி யாரும் இதைக் காவலிடமாக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் இடிக்க ஆணையிட்டது. மதில்களின் அடியைத் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். சில கோபுரங்கள் நொறுங்காமல், அப்படியே சரிவில் வழுக்கிச் சாய்ந்து நின்றுவிட்டன. பார்ப்பவர் கண்ணை இன்றும் முதலில் இழுப்பது அந்தச் சாய்வுதான். உதிர்ந்த கற்கள் அடிவாரக் கிராமத்து வீடுகளின் சுவர்களாயின. அந்தச் சிற்றூருக்கு 1832 வரை நாடாளுமன்றத்தில் 2 இடங்கள் இருந்தன என்பது நம்பச் சற்றுக் கடினம்தான்.

மேரி 1661இல் காலமானார். போரில் வீழ்ந்த முடியாட்சி திரும்பியபின் மகன் ரால்ஃப் இடிபாட்டைச் செப்பனிடவில்லை. 1663 முதல் 1665 வரை கிங்ஸ்டன் லேசியில் ரோஜர் பிராட் வடிவமைத்த செங்கல் மாளிகையைக் கட்டினார். 1830களில் வில்லியம் ஜான் பேங்க்ஸ், கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரியைக் கொண்டு அதற்குக் கல் போர்த்தினார். எகிப்தின் ஃபிலே தீவிலிருந்து அவர் கொண்டுவந்த தூபி தோட்டத்தில் நிற்கிறது. சித்திர எழுத்துகளைப் படித்தறிய அதுவும் உதவியது. தன்பாலுறவுக்கு மரண தண்டனை இருந்த காலம் அது. 1841இல் அந்தக் குற்றச்சாட்டின் வழக்குக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடியவர், இத்தாலியிலிருந்தபடியே கலைப்பொருள்களை வீட்டுக்கு அனுப்பிவந்தார். 1855இல் வெனிஸில் இறந்தார்.

1981இல் ரால்ஃப் பேங்க்ஸ் என்ற வழித்தோன்றல், மாளிகை, கோட்டை உட்பட சுமார் 16,000 ஏக்கரை பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு உயில் எழுதிவைத்துவிட்டு மறைந்தார். மேரியின் வீரத்தை மதித்து எதிரிகள் திருப்பித் தந்ததாகச் சொல்லப்படும் கோட்டைச் சாவிகள், கிங்ஸ்டன் லேசி நூலக அறையில் தொங்குகின்றன.