ஒற்றைப் பட்டையின் சிக்கல்: காசநோய்க் கிருமிகளின் மரபணு வகைப்படுத்தலும் சென்னை மாதிரிகளும்

காசநோய்க் கிருமிகளை மரபணு வழியே இனம்பிரிக்கும் முறைகளின் வரலாறு பெரும்பாலும் ஹாலந்து, சான்பிரான்சிஸ்கோ, லண்டன் வழியாகவே சொல்லப்படுகிறது. முறைகள் உருவானதும் பரவியதும் அந்த வழியில்தான். அவை எங்கே தடுமாறின என்று தேடுபவர் மட்டும் சென்னைக்கு வந்தாக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-இல் சென்னையில் ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று நிறுவியதற்காக இன்றும் அது போற்றப்படுகிறது. அதே ஆண்டுகளில் நுண்ணுயிரியலாளர் டெனிஸ் மிச்சிசன் குழுவினர் செய்த வேறொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தென்னிந்திய நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்த கிருமிகளையும் பிரிட்டனில் எடுத்தவற்றையும் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி அவர்கள் ஒப்பிட்டார்கள். தென்னிந்தியக் கிருமிகள் சராசரியில் வீரியம் குறைந்தவை என்று 1960-இல் தெரிவித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் அவற்றுள் பல எளிதில் மடிந்தன. பின்னர், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டு வகை பிரித்தபோதும், ஐரோப்பாவில் அரிதான ஓர் இடைவகை இந்தியத் துணைக்கண்டத்தில் மிகுந்திருந்தது. வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதன் மரபணு அடிப்படையைக் காட்டத்தான் கருவி இல்லை.

கருவி 1990-இல் கிடைத்தது. காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவில் இடம்விட்டு இடம் தாவும் ஐஎஸ்6110 என்ற துண்டு கண்டறியப்பட்டது. ஒரு கிருமியில் அதன் பிரதிகள் இருபதுக்கு மேலும் இருக்கலாம். அந்தப் பிரதிகளைப் பார்க்க, முதலில் முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தில் கிருமி வளர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு டிஎன்ஏவைப் பிரித்து, பிவியூ-2 என்ற நொதியால் வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டு, சவ்வுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு பிரதியும் ஒரு பட்டையாகத் தெரியும். இரு நோயாளிகளின் பட்டைகள் ஒன்றுபோல் அமைந்தால், அவர்களுக்கிடையே அண்மையில் தொற்று பரவியிருக்கிறது என்பது கணிப்பு. 1993-இல் இது உலகுக்கான பொது முறையாக வகுக்கப்பட்டது. மறு ஆண்டே சான்பிரான்சிஸ்கோவில் 473 நோயாளிகளுள் 191 பேர் இத்தகைய கொத்துகளுக்குள் வந்தார்கள். பழைய தொற்று விழித்துக்கொள்வதாலேயே நகரங்களில் பெரும்பாலும் காசநோய் வருகிறது என்ற நம்பிக்கை அதனால் ஆட்டம் கண்டது.

சென்னையிலும் அதையே செய்து பார்த்தார்கள். 1995-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 40 விழுக்காடு மாதிரிகளில் ஒரே ஒரு பட்டைதான் தெரிந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. அந்த ஒற்றைப் பிரதியோ அநேகமாக எல்லாவற்றிலும் மரபணுத்தொகுதியின் ஒரே பகுதியில் உட்கார்ந்திருந்தது. சான்பிரான்சிஸ்கோவின் தர்க்கத்தை அப்படியே பொருத்தியிருந்தால், ஒருவரையொருவர் பார்த்தே இராத நோயாளிகள் ஒரே தொற்றுச் சங்கிலிக்குள் வந்திருப்பார்கள். சோதனையில் பிழையில்லை. பிரதிகள் நிறைந்த கிருமிகளை வைத்து வடிவமைத்த அளவுகோல் இங்கே பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

மாற்று வழிகள் விரைவிலேயே வந்தன. 1997-இல் வந்த ஸ்பாலிகோடைப்பிங், 43 சிறு டிஎன்ஏ வரிசைகளுள் எவை உள்ளன, எவை இல்லை என்று பார்த்தது. ஒற்றைப் பட்டைக் கிருமிகளுள் பெரும்பாலானவை கிழக்காப்பிரிக்க-இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அது காட்டியது. குடும்பம் தெரிந்ததே தவிர, அதற்குள் யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்பது தெளியவில்லை. மரபணுத்தொகுதியின் 24 இடங்களில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை எண்ணும், 2006-இல் வகுத்த முறை அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது.

2002-இல் வெளியான மரபணுத்தொகுதி ஒப்பீடு இன்னும் ஆழமாகச் சென்றது. உலகெங்கும் பரவிய 'நவீன' கிருமிகள் டிபிடி1 என்ற 2,153 டிஎன்ஏ எழுத்து நீளப் பகுதியை இழந்தவை. இன்று முதல் மரபுவழி எனப்படும் இந்தியப் பெருங்கடல் கரையோரக் கிருமிகளில் அது இன்னும் இருக்கிறது. அந்தப் பகுதியை இழந்த கிருமி ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் ஆக்சிஜன் குறைவையும் கூடுதலாகத் தாங்குகிறது என்று 2020-இல் சோதனையால் காட்டினார்கள். 1960-இன் பெராக்சைடு முடிவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது என் ஊகம். பழைய மாதிரிகளின் மரபுவழியை உறுதிசெய்யாமல் அதற்குமேல் சொல்வது முறையாகாது.

இப்போது முழு மரபணுவரிசையே படிக்கப்படுகிறது. இரு கிருமிகளுக்கிடையே 5 எழுத்துகளோ அதற்குக் குறைவோ மாறியிருந்தால் அண்மைப் பரவலாகக் கொள்ளலாம், 12-க்கு மேல் போனால் தொடர்பில்லை என்ற வரம்பு 2013-இல் இங்கிலாந்து மாதிரிகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஒப்பிடப் பயன்படும் மூலப்படி எச்37ஆர்வி, 1905-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியின் வாரிசு. நான்காம் மரபுவழியைச் சேர்ந்தது. அதில் டிபிடி1 இல்லை. ஆகவே சென்னைக் கிருமியின் அந்தப் பகுதியிலிருந்து வரும் வரிசைகள் பொருந்த இடமின்றி, கணினியால் கழித்துக்கட்டப்படுகின்றன. பரவலைக் கணக்கிட இந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல. கிருமியின் இயல்பை அறிய விரும்பும் ஆய்வாளர், முதல் மரபுவழியைச் சேர்ந்த ஒரு மூலப்படியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.